1972 லேண்ட் ரோவர் சீரீஸ் 3: கால்வனைஸ் சேஸிஸில் மறுபடி கட்டுவதற்குப் பழைய அமைப்பே போதுமா, காயில் ஸ்பிரிங் கிட்டுக்கு மாறலாமா?

பென்னைன்வாசி எழுதியது:

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

லங்காஷயரில் ஓர் ஆட்டுப் பண்ணையிலிருந்து 1972ஆம் ஆண்டு லேண்ட் ரோவர் சீரீஸ் 3 ஒன்றை வாங்கியிருக்கிறேன். 88 அங்குல வீல்பேஸ், 2286 சிசி பெட்ரோல் எஞ்சின், பின்புறம் கித்தான் கூரை. எஞ்சின் சீராக ஓடுகிறது. கியர்பாக்ஸ் இரண்டாம் கியரில் சற்று முரண்டு பிடித்தாலும் பயன்படுத்தக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. அலுமினிய பாடி பல இடங்களில் நசுங்கியிருந்தாலும் அரிப்பு குறைவு.

சிக்கல் முழுவதும் அடியில்தான். பின்பக்கத் தொட்டியை (பின்புறச் சரக்குப் பெட்டியை) கழற்றி வைத்துவிட்டு, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்த்ததில், பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்திற்கு மேலே ஸ்க்ரூ டிரைவர் எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே இறங்குகிறது. பின் குறுக்குச்சட்டத்தில் ஒட்டுக்கு மேல் ஒட்டாகப் பல காலத்து வெல்டிங் தெரிகிறது. எஞ்சினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவே நிற்கும் பல்க்ஹெட் தடுப்பைத் தாங்கும் இரண்டு பக்கக் கைகளும் உள்ளிருந்து உப்பி, தகடு ஏடு ஏடாகப் பிரிந்து வருகிறது. முன் ஸ்பிரிங் தாங்கிகள் மட்டும் உறுதியாக இருக்கின்றன. வலப்பக்கத் தாங்கியில் பொறித்த சேஸிஸ் எண் தெளிவாக வாசிக்கக் கிடைக்கிறது, வி5சி பதிவு ஆவணத்தோடும் ஒத்துப்போகிறது.

என் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, இருக்கும் சேஸிஸை வெட்டி ஒட்டிச் சரிசெய்து, பிறகு அதையே உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பது, அதாவது கால்வனைஸ் செய்வது. இரண்டாவது, பழைய அளவிலேயே லீஃப் ஸ்பிரிங்குக்கு (அடுக்குப் பட்டை வில்லுக்கு) என்று செய்த புதிய கால்வனைஸ் சேஸிஸ் வாங்குவது. மூன்றாவது, சீரீஸ் பாடி உட்காரும்படி அமைத்த, ஆனால் காயில் ஸ்பிரிங் (சுருள்வில்) ஏற்கும் கால்வனைஸ் சேஸிஸும் அதற்கான தாங்கிகளும் கொண்ட கிட்டை வாங்கி, துருப்பிடித்த ஒரு பழைய லேண்ட் ரோவர் டிஸ்கவரியிலிருந்து 200 டிடிஐ டீசல் எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில்கள் ஆகியவற்றை எடுத்துப் பொருத்துவது. கிட் விற்பவர் பதிவு எண்ணில் எந்தச் சிக்கலும் வராது என்கிறார்.

வண்டியை வார இறுதிகளில் மலைச்சாலைகளிலும், சட்டப்படி திறந்திருக்கும் மண்பாதைகளிலும் ஓட்ட வேண்டும் என்பதே என் விருப்பம். குளிர்காலத்தில் நிறுத்தி வைக்கும் எண்ணம் இல்லை. வெல்டிங் ஓரளவு தெரியும். இந்த வேலையை ஒருமுறைதான் செய்ய வேண்டும், அதைச் சரியாகச் செய்ய வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சோலிஹல்நேசன் பதில்:

வணக்கம் ஐயா. நீங்கள் ஆராய்ந்த விதத்திலேயே பாதி விடை வந்துவிட்டது. இந்த வண்டியில் எது கெடும், எது கெடாது என்பது அது பிறந்த காலத்திலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவரை வைத்தபோது, போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகுத் தகடு பங்கீட்டில்தான் கிடைத்தது. அதனால் பாடியைப் பிர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையில் செய்தார்கள். சேஸிஸும் பல்க்ஹெட்டும் மட்டும் எஃகாகவே நின்றன. தொடக்க மாதிரி வண்டிகளின் சேஸிஸைக் கால்வனைஸ் செய்துதான் கட்டினார்கள். விற்பனைக்கான உற்பத்தி தொடங்கியதும் அது பெயிண்டுக்கு மாறிவிட்டது. பாடியின் விளிம்புப் பட்டைகளை மட்டும் தொடர்ந்து கால்வனைஸ் செய்து வந்தார்கள். உங்கள் வண்டியில் அந்தப் பட்டைகளையும் அதே வயதுடைய சேஸிஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், துத்தநாகம் அரை நூற்றாண்டில் என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று தேவைப்படாது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வண்டியின் அடையாளம் பற்றியது. "பதிவு எண்ணில் எந்தச் சிக்கலும் வராது" என்று விற்பவர் வாயால் சொல்வதை வைத்துப் பணம் கட்டிவிடாதீர்கள். பிரிட்டனில் வெகுகாலமாக இருந்துவந்த முறை எட்டுப் புள்ளிக் கணக்கு. சேஸிஸுக்கு 5, ஸ்பிரிங் அமைப்புக்கு 2, ஆக்சில்களுக்கு 2, கியர்பாக்ஸ் தொகுதிக்கு 2, ஸ்டீயரிங்குக்கு 2, எஞ்சினுக்கு 1. பெரிதாக மாற்றிய வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ள வேண்டுமானால் எட்டுப் புள்ளிகளாவது தேற வேண்டும், அதில் சேஸிஸின் ஐந்து கட்டாயம் இருக்க வேண்டும். பழைய சேஸிஸோ, அதே அளவில் செய்த புதிய சேஸிஸோ என்றால் அந்த ஐந்து கிடைக்கும். லீஃப் ஸ்பிரிங் வண்டிக்குக் காயில் ஸ்பிரிங் சேஸிஸ் போட்டால் அது போய்விடும். மூன்றாவது வழியில் ஸ்பிரிங், ஆக்சில், கியர்பாக்ஸ், எஞ்சின் எல்லாமே டிஸ்கவரியிலிருந்து வருவதால், பழைய வண்டியின் பெயரில் எஞ்சுவது பாடி மட்டுமே. பாடிக்கு அந்தக் கணக்கில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. அப்படி அமைந்த வண்டியை ஐவிஏ என்னும் தனி வாகன ஒப்புதல் சோதனைக்குக் கொண்டுபோய், கியூ எழுத்துப் பதிவு வாங்க வேண்டியிருந்தது. வண்டியின் வயதோ அடையாளமோ உறுதியில்லை என்பதே அந்தக் கியூவின் பொருள்.

2025 ஆகஸ்ட் 26 முதல் டிவிஎல்ஏ என்னும் வாகனப் பதிவு அமைப்பு இந்த அணுகுமுறையைத் தளர்த்தியிருக்கிறது. பழையது போலவே பழுதுபார்த்து, தோற்றமும் முதலில் தயாரிக்கப்பட்டபோது இருந்தபடியே இருந்து, பதிவு ஆவணத்திலும் எதுவும் மாறாவிட்டால் அறிவிக்க வேண்டிய தேவையே இல்லை. கட்டமைப்பில் பெரிய மாற்றம் செய்த வண்டிகளும் தம் எண்ணை வைத்துக்கொள்ள வழி இருக்கிறது, ஆனால் அறிவித்தாக வேண்டும். எனவே மூன்றாவது வழி மேல் உங்களுக்கு நாட்டம் இருந்தால், வேலை தொடங்கும் முன்பே படங்களோடும் விவரங்களோடும் டிவிஎல்ஏவுக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எண் தங்கினாலும் எம்ஓடி (ஆண்டு வாகனத் தகுதிச் சோதனை) விலக்கு தங்கும் என்று எண்ண வேண்டாம். நாற்பது வயது கடந்த வண்டிக்கு எம்ஓடி சோதனையிலிருந்து விலக்கு உண்டு என்றாலும், கடந்த முப்பது ஆண்டுகளில் அதில் கணிசமான மாற்றம் செய்திருக்கக் கூடாது. அந்த விதிமுறையிலேயே, அசல் போன்ற அமைப்புடைய மாற்றுச் சேஸிஸ் கணிசமான மாற்றம் ஆகாது என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்பிரிங் அமைப்பின் வகையை மாற்றுவதோ கணிசமான மாற்றம் ஆகும். இரண்டாவது வழி உங்களுக்கு வரி விலக்கையும் எம்ஓடி விலக்கையும், இலண்டன் பக்கம் போக நேர்ந்தால் யூலெஸ் என்னும் மாசுக் கட்டுப்பாட்டு மண்டலக் கட்டண விலக்கையும் அப்படியே காப்பாற்றிக் கொடுக்கும். விலக்கு இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை நானாகவே எம்ஓடிக்குக் கொண்டுபோகிறேன். அடியில் படுத்துப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண் கிடைப்பது நல்லதுதான்.

என் முடிவு இரண்டாவது வழி.

கிளைட்கரை பதில்:

சோலிஹல்நேசன் அடையாளம் பற்றிச் சொன்னதை நான் தொடவில்லை. என் தொழில் இரும்புக் கட்டமைப்பு. செய்த பொருள்களை வாரந்தோறும் துத்தநாகத் தொட்டிக்கு அனுப்பி வாங்குபவன் என்ற முறையில் முதல் வழியையும் இரண்டாவது வழியையும் பற்றிச் சொல்கிறேன்.

பழைய சேஸிஸை ஒட்டுப் போட்டு முக்குவது கேட்பதற்குச் சிக்கனமாகத் தோன்றும். செய்யாதீர்கள் என்பதே என் கருத்து. லேண்ட் ரோவர் சேஸிஸ் என்பது நான்கு தகடுகளைச் சேர்த்து வெல்டிங் செய்த நீளப் பெட்டி. ஐம்பது ஆண்டுகளாக அதன் உள்ளே சேறும், சாலையில் தூவிய பாறை உப்பும் புகுந்து அடைந்திருக்கும். வெளியே தெரியும் ஓட்டை, உள்ளே நடந்து முடிந்ததன் கடைசி அறிகுறி மட்டுமே. துத்தநாகம் பிடிக்க வேண்டுமானால் எஃகு முழுவதும் சுத்தமாக இருக்க வேண்டும். அதற்காக முதலில் காரத்திலும் பிறகு அமிலத்திலும் முக்குவார்கள். உள்ளே இறுகிய சேற்றையும் பழைய மெழுகையும் அமிலம் கரைக்காது. அந்த இடத்தில் பூச்சு பிடிக்காமல் வெறும் இரும்பாக நிற்கும். அதைவிட மோசம், ஒட்டுக்கு மேல் ஒட்டாக வைத்த தகடுகளின் இடுக்கு. அமிலம் அதற்குள் புகுந்து தங்கி, பூச்சு முடிந்த பிறகும் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். இடுக்கு முழுவதும் மூடியிருந்து உள்ளே ஈரம் இருந்தால், ஏறத்தாழ 450 பாகை செல்சியஸில் உருகி நிற்கும் துத்தநாகத்தில் இறக்கும்போது நீர் ஆவியாகி வெடிக்கவும் செய்யும். ஆகவேதான் ஒட்டுப் போட்ட பழைய சேஸிஸை ஏற்றுக்கொள்ளப் பல கால்வனைஸ் பட்டறைகள் தயங்குகின்றன. அந்த வெப்பத்தில் பழைய வெல்டிங்கின் இழுவிசை தளர்ந்து சேஸிஸ் முறுகிக்கொள்வதும் உண்டு. முறுகிய பெட்டியை நேராக்குவது வீட்டில் ஆகும் காரியம் இல்லை.

புதிய சேஸிஸ் என்று வரும்போது ரிச்சர்ட்ஸ், மார்ஸ்லேண்ட் என்ற இரு பெயர்களையும் எல்லாரும் அறிவார்கள். இருவருமே சீரீஸ் வண்டிகளுக்குச் செய்கிறார்கள். எவரிடம் வாங்கினாலும் இறக்கி வைத்த அன்றே அளவுகளைச் சரிபாருங்கள். மூலைவிட்ட அளவு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா, பல்க்ஹெட் கைகள் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா, எஞ்சின் தாங்கிகளின் துளை சரியாக அமைகிறதா என்று பாகங்களை ஏற்றும் முன்பே பார்த்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு குறை கண்டால் திருப்பி அனுப்புவது பெரும்பாடு.

கால்வனைஸ் என்பது பெயிண்ட் போல மேலே படியும் பூச்சு அல்ல. துத்தநாகமும் இரும்பும் கலந்து அடுக்கடுக்காக வளர்ந்து எஃகோடு ஒன்றாகின்றன, பெட்டியின் உட்புறத்திலும் அப்படியே. ஐஎஸ்ஓ 1461 தரத்தின்படி 3 மில்லிமீட்டருக்கு மேல் 6 வரை கனமுள்ள எஃகில் சராசரிப் பூச்சு குறைந்தது 70 மைக்ரான், 1.5 முதல் 3 மில்லிமீட்டர் வரையுள்ள தகட்டில் 55 மைக்ரான் இருக்க வேண்டும். கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். அலுமினிய பாடிக்கும் இதனால் நன்மை உண்டு. வெறும் எஃகும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரித்துப்போகும். துத்தநாகம் நடுவில் வந்தால் அந்த அரிப்பு வெகுவாகத் தணியும்.

ஆனால் இதே துத்தநாகம், பொருத்தும் வேலையில் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். மரை உள்ள ஒவ்வொரு துளையிலும் அது உறைந்து நிற்கும். எல்லாவற்றையும் டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு மறுபடி மரை எடுக்காமல் போல்ட்டைத் திணிக்க வேண்டாம். ஸ்பிரிங் புஷ் (உலோக உறையுள்ள ரப்பர் உருளை) நுழையும் குழாய்களின் உட்புறமும் பூச்சால் சுருங்கியிருக்கும். அங்கே புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றப் பார்த்தால் வெளி உறை நசுங்கிவிடும். குழாயின் உட்புறத்தை உருளை வடிவ உப்புத்தாளால் தேய்த்து, வழியும் துளிகளை மட்டும் நீக்கி, நீண்ட மரைக்கம்பியும் தகடுகளும் வைத்து மெல்ல இழுத்து ஏற்றுங்கள். உள்ளே வெள்ளி நிறம் மறைந்து கறுப்பு எஃகு தெரியத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் தேய்த்தால் பூச்சுக்குக் கொடுத்த பணம் அந்த இடத்தில் வீண்.

சேஸிஸில் ஆங்காங்கே காணும் துளைகளை அடைக்காதீர்கள். காற்றும் உருகிய உலோகமும் வெளியேற விட்ட வழிகள் அவை. பிற்காலத்தில் தண்ணீர் வடியவும், மெழுகு தெளிக்கவும், உள்ளே குழாய் விட்டுச் சேற்றைக் கழுவவும் அவையே பயன்படும். கால்வனைஸ் ஆகிவிட்டதே என்று கழுவாமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். உப்பு கலந்த ஈரச் சேறு மாதக்கணக்கில் படிந்து கிடந்தால் துத்தநாகமும் கரையும். நீங்கள் குளிர்காலம் முழுவதும் ஓட்டப் போவதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் சேஸிஸுக்கு உள்ளும் புறமும் தண்ணீர் பீய்ச்சும் பழக்கத்தை முதல் குளிர்காலத்திலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது உடல்நலம் சார்ந்தது. புதிய தாங்கி எதையாவது சேர்க்க வேண்டும் என்று கால்வனைஸ் மேலேயே வெல்டிங் செய்யாதீர்கள். துத்தநாகப் புகை அன்று இரவே குளிர் காய்ச்சலைக் கொண்டுவரும். கூடுதல் தாங்கிகள் வேண்டுமென்றால் சேஸிஸை ஆர்டர் செய்யும்போதே சொல்லி, முக்குவதற்கு முன் வைக்கச் சொல்லுங்கள்.

டாக்கார்ஓட்டி பதில்:

எல்லோருக்கும் வணக்கம். மேலே இருவரும் எழுதியவை சரியே. ஆனாலும் கிட் என்றாலே தவிர்க்க வேண்டியது என்ற எண்ணம் வாசிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக நானும் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது டாக்கார். 1990களில் ரேஞ்ச் ரோவர் கிளாசிக் வண்டிகளுக்காக விற்ற கிட் அது. ரேஞ்ச் ரோவரின் வெளித்தகடுகள் பெரும்பாலும் அலுமினியம் என்றாலும் அவற்றைத் தாங்கும் உட்கூடு எஃகு. அந்த உட்கூடு துருப்பிடித்தால் வண்டியை உடைப்பவரிடம் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலை வந்துவிடும், ஆனால் கீழே 3528 சிசி வி8 இயந்திரமும், கியர்பாக்ஸும், நான்கு சில்லுகளுக்கும் டிஸ்க் பிரேக்கும், காயில் ஸ்பிரிங்கும் நன்றாகவே இருக்கும். கிட் செய்தது என்னவென்றால், அழுகிய மேற்கூட்டை எடுத்து வீசிவிட்டு, அதே சேஸிஸில், அதே 100 அங்குல வீல்பேஸில், எளிமையான புதிய பாடியை வைத்ததுதான். சோலிஹல்நேசன் சொன்ன புள்ளிக் கணக்கையே எடுத்துப் பாருங்கள். சேஸிஸ், ஸ்பிரிங், ஆக்சில், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங், இயந்திரம் என்று எல்லாமே பழைய ரேஞ்ச் ரோவரின் சொத்து. பாடி மட்டும் புதிது, அதற்குப் புள்ளியே இல்லை. ஆகவே வண்டி தன் இலக்கத்தோடேயே இருக்கிறது. பாடி வகை மாறியதைப் பதிவு ஆவணத்தில் திருத்துவித்தால் போதுமானதாக இருந்தது. பிற்பாடு சேஸிஸும் பழுதானபோது, ரேஞ்ச் ரோவருக்கு உரிய அளவிலேயே கால்வனைஸ் சேஸிஸ் வாங்கி மாற்றினேன். அதிலும் அடையாளம் கெடவில்லை.

மேலே மாற்றும் கிட் வேறு, கீழே மாற்றும் கிட் வேறு. நீங்கள் பார்க்கும் கிட் இரண்டாவது வகை.

ஓட்டுவதற்கு எது சுகம் என்று கேட்டால் நான் ஒளிக்காமல் சொல்வேன். காயில் ஸ்பிரிங் வண்டியில் ஒரு சில்லு பள்ளத்தில் இறங்கும்போது மற்றது மேலேறி நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். லீஃப் ஸ்பிரிங்கில் அந்த அளவு அசைவு கிடையாது. 200 டிடிஐ டிஸ்கவரியில் 111 குதிரைத்திறன் தரும். உங்கள் பெட்ரோல் இயந்திரம் ஏறத்தாழ 70 தரும். பென்னைன் ஏற்றங்களில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் டிஸ்கவரி ஆக்சில் சீரீஸ் ஆக்சிலைவிட ஆறேழு அங்குலம் அகலம். சில்லுகள் மட்கார்டுக்கு வெளியே நிற்கும், அவற்றை மூட அகன்ற வளைவுகள் பொருத்த வேண்டிவரும். அதற்குப் பிறகு அந்த வண்டியின் முகம் சீரீஸ் 3 போல இருக்காது. தோற்றம் மாறாமல் இருந்தால் அறிவிக்க வேண்டாம் என்ற சலுகைக்கும் அதோடு முடிவு.

உங்களிடம் இருப்பது எண்ணும் ஆவணமும் ஒத்துப்போகும், இயந்திரம் ஓடும், பாடி முழுமையான சீரீஸ். அதைக் குலைத்துக் கிட் கட்டுவது எனக்கும் மனம் ஒப்பாத காரியம். காயில் ஸ்பிரிங் வேண்டுமென்றால், உட்கூடு அழுகிப்போன ஒரு டிஸ்கவரியையோ ரேஞ்ச் ரோவரையோ அதன் பெயரிலேயே கட்டுங்கள். இந்தச் சீரீஸுக்கு நல்ல பரபோலிக் ஸ்பிரிங் (தகடுகள் குறைந்த, நுனி மெலிந்த லீஃப் ஸ்பிரிங்) போட்டாலே சவாரி வெகுவாக மென்மையாகும். ஸ்பிரிங்கின் வகை லீஃப் ஆகவே இருப்பதால் மேலே சொன்ன சட்டச் சிக்கலும் இல்லை.

பென்னைன்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கிட்டை விட்டுவிட்டேன். லீஃப் ஸ்பிரிங்குக்கான கால்வனைஸ் சேஸிஸை ஆர்டர் செய்யப் போகிறேன், பரபோலிக் ஸ்பிரிங் யோசனையையும் ஏற்றுக்கொள்கிறேன்.

இரண்டு கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. பல்க்ஹெட்டில் கால் வைக்கும் இடங்கள் இரண்டும் ஓட்டை, கதவுத் தூணின் அடிப்பாகமும் இளகியிருக்கிறது. அதைச் சரிசெய்து கால்வனைஸ் செய்யலாமா? இரண்டாவதாக, எந்த வரிசையில் வண்டியைக் கூட்டுவது? புகைப்படங்களில் சிலர் பல்க்ஹெட்டை முதலில் ஏற்றுகிறார்கள், சிலர் எஞ்சினை முதலில் இறக்குகிறார்கள்.

கிளைட்கரை பதில்:

நல்ல முடிவு. பல்க்ஹெட்டைப் பற்றிக் கேட்டதும் மகிழ்ச்சி, ஏனென்றால் புதிய சேஸிஸின் மேல் பழைய துருவை ஏற்றி வைத்து, சில குளிர்காலங்கள் கழித்து மறுபடி எல்லாவற்றையும் கழற்றும் வண்டிகளை நிறையப் பார்க்கிறேன். சேஸிஸுக்கு அடுத்தபடி இந்த வண்டியில் எஃகாக இருக்கும் பெரிய பாகம் அதுதான். கதவுகளும், ஸ்டீயரிங்கும், பெடல்களும், முன்கண்ணாடியும் அதில்தான் தொங்குகின்றன.

கால் வைக்கும் இடத்துக்கும் தூணின் அடிக்கும் செய்து விற்கும் தகடுகள் கிடைக்கின்றன. பழையதன் மேல் ஒட்டாமல், நல்ல உலோகம் தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டு, விளிம்போடு விளிம்பு சேர்த்து வெல்டிங் செய்யுங்கள். தகட்டின் மேல் தகடு ஏறினால், சேஸிஸுக்குச் சொன்ன அதே அமிலச் சிக்கல் இங்கும் வரும். வெட்டுவதற்கு முன் இரண்டு கதவுத் தூண்களுக்கும் இடையே குறுக்குக் கம்பி ஒன்றைத் தற்காலிகமாக வெல்டிங் செய்து அளவைப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கதவு மூடாது.

பிறகு அதைக் கால்வனைஸ் செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் சேஸிஸை விட மெல்லிய தகடு என்பதால் அகன்ற சமதளங்களில் அலை எழும் ஆபத்து உண்டு. மோட்டார் வண்டிகளின் மெல்லிய தகடுகளை முக்கிப் பழகிய பட்டறையைத் தேடிக் கொடுங்கள். தூண்களின் உள்ளே காற்று அடைபடாதபடி மேலும் கீழும் துளை இருக்கிறதா என்று அவர்களோடு சேர்ந்து பாருங்கள். வந்தபின் பெயிண்ட் நேரடியாகப் பிடிக்காது. டி-வாஷ் என்ற கரைசலைப் பூசினால் துத்தநாகம் உடனே கறுக்கும். கறுக்காத இடத்தில் இன்னும் எண்ணெய்ப்பசை இருக்கிறது என்று பொருள், அதைத் துடைத்து மறுபடி பூச வேண்டும். முழுவதும் கறுத்த பிறகு கழுவி, உலரவிட்டு, அதன் மேல் பிரைமர் அடித்தால் உரியாது. சேஸிஸுக்கு நான் பெயிண்ட் அடிப்பதில்லை. அடியில் படுத்துப் பார்க்கும்போது வெல்டிங் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிவதே எனக்கு வசதி.

வரிசையைப் பொறுத்தவரை, வெறும் சேஸிஸைத் தாங்கிகளின் மேல் சமமாக நிறுத்தி, மரை எடுக்கும் வேலை, புஷ் ஏற்றும் வேலை இரண்டையும் முதலில் முடித்துவிடுங்கள். சேஸிஸ் எண்ணை வலது முன் தாங்கியில் பொறிப்பதையும் இந்தக் கட்டத்திலேயே செய்து, பொறித்த இடத்தில் துத்தநாகம் மிகுந்த பெயிண்டைத் தடவிவிடுங்கள். அடுத்து பிரேக் குழாய்கள். எஃகுக் குழாயை விட்டுவிட்டுச் செம்பு-நிக்கல் குழாயே போடுங்கள். பிறகு ஸ்பிரிங், ஆக்சில், சக்கரம். வண்டி தன் கால்களில் நின்றதும் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகச் சேர்த்து மேலிருந்து இறக்குங்கள். சீரீஸில் கியர்பாக்ஸைப் பின்னாளில் எடுக்க வேண்டுமென்றால் தரையையும் இருக்கைப் பெட்டியையும் கழற்றி ஓட்டுநர் அறை வழியாகத் தூக்க வேண்டும். ஆகவே அந்த இரண்டாம் கியர் முரண்டை இப்போதே திறந்து பார்த்துவிடுவது நல்லது. எஞ்சின் இறங்கிய பிறகு பல்க்ஹெட். அதன் போல்ட்டுகளைக் கையால் மட்டும் முறுக்கி விட்டுவிடுங்கள். பின்தொட்டியை வைத்து இறுக்கி, கதவுகளைத் தொங்கவிட்டு, கதவுக்கும் தொட்டிக்கும் உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒன்றாக வரும்வரை பல்க்ஹெட்டை முன்னும் பின்னும் சாய்த்துச் சரிசெய்த பிறகுதான் இறுதியாக முறுக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டவர்களின் வண்டியைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம், கதவின் மேல்பக்கம் ஒட்டிக்கொண்டும் கீழ்ப்பக்கம் விரிந்தும் இருக்கும்.

மின்சாரத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை. பழைய சேஸிஸில் எர்த் கம்பிகள் பிடித்த இடமெல்லாம் வெறும் எஃகு. புதியதில் துத்தநாகத்தின் மேல் வெண்ணிறப் படிவு வரும், டி-வாஷோ பெயிண்டோ பட்டிருந்தால் தொடர்பே இருக்காது. எர்த் போல்ட் அமரும் வட்டத்தை மட்டும் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கியபின் கிரீஸ் தடவுங்கள். எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குத் தனியாக ஒரு தடித்த எர்த் பட்டை கண்டிப்பாகப் போடுங்கள்.

ஸ்பிரிங்கின் கண் (முனை வளையம்) போல்ட்டுகளையும், ஷேக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் தொங்கு இணைப்பு) போல்ட்டுகளையும் வண்டி அந்தரத்தில் இருக்கும்போது இறுக்காதீர்கள். புஷ்ஷின் ரப்பர் உள் உறையோடும் வெளி உறையோடும் ஒட்டியிருக்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நின்று, கொஞ்ச நாளில் கிழிந்துவிடும். எஞ்சின், பாடி, பெட்ரோல் எல்லாம் ஏறி முழு எடையும் சக்கரத்தில் நிற்கும்போது, வண்டியை முன்பின் தள்ளி ஸ்பிரிங்கை அமரவிட்டு, அதன் பிறகே இறுக்குங்கள். ஆக்சிலைப் பிடிக்கும் யு-போல்ட்டுகளை முதல் சில நூறு மைல்கள் ஓடிய பிறகு மறுபடி முறுக்கிப் பாருங்கள், பூச்சு அழுந்தி அடங்கும்போது அவை சற்றுத் தளர்வது வழக்கம்.